சிரியா, லெபனானில் பிரெஞ்சு மாண்டேட் ஆட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாண்டேட் என்றால் என்ன? காலனிக்கு இன்னொரு பெயர்தானே?

ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் முழுக்க இல்லை. நம் ஊரில் அப்பா இறந்து, பிள்ளைகள் மைனராக இருந்தால் சொத்துக்கு ஒரு கார்டியன் போடுவார்கள் இல்லையா, அந்த மாதிரி ஓர் ஏற்பாடு. இங்கே இறந்த அப்பா ஒட்டோமான் பேரரசு. 1516-லிருந்து நானூறு வருடம் சிரியாவை ஆண்ட அந்தப் பேரரசு முதல் உலகப் போரில் தோற்றுச் சிதறியது. ஜெயித்த பிரிட்டனும் பிரான்சும் அதன் அரபுப் பகுதிகளை நேராகக் காலனி ஆக்கியிருக்கலாம், பழைய காலமாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் மக்களே தங்கள் தலைவிதியைத் தீர்மானிக்க வேண்டும் என்று அமெரிக்க அதிபர் வில்சன் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதனால் பன்னாட்டுச் சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ், இன்றைய ஐ.நா.வுக்கு முன்னோடி) சாசனத்தில் 22-ஆவது பிரிவு என்று ஒன்றை எழுதினார்கள். நவீன உலகத்தின் கடினமான சூழலில் இன்னும் சொந்தக் காலில் நிற்க முடியாத மக்களை முன்னேறிய நாடுகள் பார்த்துக்கொள்ளும், அது நாகரிகத்தின் புனிதப் பொறுப்பு என்பது அதன் சாரம்.

கார்டியன் வருடா வருடம் சங்கத்திடம் கணக்கு ஒப்பிக்க வேண்டும். காலனிக்கும் மாண்டேட்டுக்கும் உண்மையான வித்தியாசம் இது ஒன்றுதான் என்பேன். மைனர் எப்போது மேஜர் ஆவான் என்று மட்டும் எந்தத் தாளிலும் தேதி போடவில்லை.

ஏ, பி, சி என்று பிரித்தார்களாமே?

ஆமாம். ஒட்டோமான் பகுதிகள் ஏ பிரிவு, அதாவது கொஞ்சம் ஆலோசனை சொன்னால் போதும், சீக்கிரம் சுதந்திரம். ஜெர்மனியிடமிருந்து பிடுங்கிய டாங்கனிக்கா, கேமரூன், டோகோ போன்றவை பி. தென்மேற்கு ஆப்பிரிக்கா, நியூகினி, சமோவா, நவ்ரு எல்லாம் சி, அவற்றை ஆள்கிறவர் தன் சொந்த நிலம் போலவே நடத்தலாம்.

இன்றைய எல்லைகள் எல்லாம் சைக்ஸ்-பிக்கோ போட்ட கோடுகளா?

எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், ஆனால் 1916-ஆம் வருட வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருந்தாது. பிரிட்டனின் மார்க் சைக்ஸும் பிரான்சின் ஜார்ஜ் பிக்கோவும் செய்த ரகசிய ஒப்பந்தத்தில் மோசுல் பிரான்சின் பக்கம் இருந்தது, பாலஸ்தீனத்தின் பெரும்பகுதி சர்வதேச நிர்வாகத்துக்கு என்று இருந்தது. 1918 டிசம்பரில் பிரெஞ்சுப் பிரதமர் கிளெமென்சோ மோசுலையும் பாலஸ்தீனத்தையும் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜுக்கு வாய்வார்த்தையாகவே விட்டுக்கொடுத்தார். வடக்கே சிலிசியா (இன்றைய தெற்குத் துருக்கி) பிரான்சுக்கு என்று எழுதியிருந்தது, ஆனால் துருக்கியர்கள் சண்டை போட்டு 1921-ல் அதைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். துருக்கி-சிரியா எல்லையின் நீண்ட பகுதி ஒரு ரயில் பாதையை ஒட்டிப் போவது அந்த 1921 ஒப்பந்தத்தின் விளைவு.

சைக்ஸ்-பிக்கோவின் அசல் பாதிப்பு வேறு. அதே சமயத்தில் பிரிட்டன் மெக்காவின் ஆட்சித் தலைவர் ஷெரீஃப் ஹுசைனிடம், துருக்கியருக்கு எதிராகக் கிளம்புங்கள், அரபு அரசு அமைக்க ஆதரவு தருகிறோம் என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. ஒரே மனையை இரண்டு பேருக்குக் கிரையம் பேசிய கதை. ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகள் 1917 நவம்பரில் ஒப்பந்தத்தை வெளியே போட்டபோதுதான் விஷயம் அம்பலமானது.

அங்கே இருந்த மக்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

கேட்டார்கள், அதுதான் வேதனை. 22-ஆவது பிரிவிலேயே, யார் கார்டியன் என்று முடிவு செய்யும்போது அந்த மக்களின் விருப்பம் முக்கியமாகக் கருதப்பட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 1919 கோடையில் ஹென்றி கிங், சார்லஸ் கிரேன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஊர் ஊராகப் போய் 1,800-க்கும் மேற்பட்ட மனுக்களை வாங்கினார்கள். பெரும்பாலானவர்கள் சொன்னது: பிரிக்காத ஒரே சிரியா வேண்டும், சுதந்திரம் வேண்டும், யாராவது வந்தே தீர வேண்டும் என்றால் அமெரிக்கா வரட்டும், இல்லாவிட்டால் பிரிட்டன், பிரான்சு மட்டும் வேண்டவே வேண்டாம். லெபனான் மலையின் மரோனைட் கிறிஸ்தவர்களில் பலர் பிரான்சைக் கேட்டார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். அறிக்கை 1922-ல்தான் வெளியானது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன் சிரியாவுக்கு ராஜா இருந்தாரா?

சில மாதங்கள் இருந்தார். ஷெரீஃப் ஹுசைனின் மகன் ஃபைசல் 1918 அக்டோபரில் டமாஸ்கஸ் வந்து நிர்வாகம் அமைத்தார். 1920 மார்ச் 8 அன்று சிரிய காங்கிரஸ் சுதந்திரத்தை அறிவித்து அவரை ராஜாவாக்கியது. அடுத்த மாதமே இத்தாலியின் சான் ரெமோவில் உட்கார்ந்து பிரிட்டனும் பிரான்சும் மாண்டேட்டுகளைப் பங்கு போட்டன. ஜூலை 14 அன்று பிரெஞ்சு ஜெனரல் கூரோ, படையைக் கலை, எங்கள் நாணயத்தை ஏற்றுக்கொள், மாண்டேட்டை ஒப்புக்கொள் என்று இறுதி எச்சரிக்கை அனுப்பினார். ஃபைசல் ஒப்புக்கொண்டார், படையைக் கலைக்கவும் ஆரம்பித்தார். அப்படியும் கூரோவின் படை நிற்கவில்லை.

போர் அமைச்சர் யூசுஃப் அல்-அஸ்மா கையில் கிடைத்த சிப்பாய்களையும் தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொண்டு டமாஸ்கஸுக்கு மேற்கே மைசலூன் கணவாய்க்குப் போனார். எதிரே டாங்கி, விமானம், பீரங்கி. ஜெயிக்க வழியில்லை என்று அவருக்கே தெரியும், ஆனால் ஒரு குண்டுகூடச் சுடாமல் தலைநகரத்தைக் கொடுத்தோம் என்ற பேர் வரக்கூடாது என்று நினைத்தார். ஜூலை 24 காலையில் ஆரம்பித்த சண்டை சில மணி நேரத்தில் முடிந்தது, அஸ்மா களத்திலேயே இறந்தார். மறுநாள் பிரெஞ்சுப் படை டமாஸ்கஸுக்குள் நுழைந்தது. ஃபைசலை வெளியேற்றினார்கள், அடுத்த வருடம் பிரிட்டன் அவரைக் கூட்டிப்போய் ஈராக்குக்கு ராஜாவாக்கியது.

பன்னாட்டுச் சங்கம் இந்த மாண்டேட்டுக்கு ஒப்புதல் கொடுத்தது 1922 ஜூலையில், முறைப்படி நடைமுறைக்கு வந்தது 1923 செப்டம்பரில். கார்டியன் பத்திரம் கைக்கு வரும் முன்னே மூன்று வருடமாக வீட்டுக்குள் குடியிருந்தாயிற்று.

ஒரு சிரியாவை ஏன் அத்தனை துண்டாக்கினார்கள்?

1920 செப்டம்பர் 1 அன்று பெய்ரூட்டில் கூரோ பெரிய லெபனானை அறிவித்தார். பழைய லெபனான் மலைப் பகுதியோடு திரிபோலி, சீதோன், டயர், பெக்கா பள்ளத்தாக்கு எல்லாம் சேர்ந்தன. மீதியில் டமாஸ்கஸ் தனி நாடு, அலெப்போ தனி நாடு, கடலோரத்தில் அலவிகள் என்ற சிறுபான்மை மதப் பிரிவினருக்கு ஒன்று, தெற்கே துரூஸ் என்ற இன்னொரு சிறுபான்மைப் பிரிவினர் வாழும் துரூஸ் மலை ஒன்று, வடமேற்கே அலெக்சாந்திரெட்டா தன்னாட்சிப் பகுதி. ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், பலவற்றுக்குத் தனிக் கொடி. டமாஸ்கஸையும் அலெப்போவையும் 1925-ல் மறுபடி ஒட்டினார்கள், அலவி, துரூஸ் பகுதிகளை 1936-க்குப் பிறகு சேர்த்தார்கள், 1939-ல் பிரித்தார்கள், 1942-ல் திரும்பவும் சேர்த்தார்கள். படிக்கிற நமக்கே தலை சுற்றுகிறது, அங்கே வண்டி ஓட்டிப் பிழைத்தவர்கள் பாடு என்னவோ.

சிறுபான்மையினரைக் காப்பாற்றத்தான் என்பது பிரான்சின் விளக்கம். இதில் கவனமாக இருக்க வேண்டும். மரோனைட் திருச்சபைத் தலைவர் (பாத்திரியார்க்கர்) ஹுவாயெக் 1919-ல் தானே பாரிசுக்குப் போய்ப் பெரிய லெபனானைக் கேட்டார், ஆகவே எல்லாமே பிரெஞ்சுச் சதி என்று சொல்ல முடியாது. ஆனால் அலவிகளின் தலைவர் சாலிஹ் அல்-அலி 1921 வரை பிரெஞ்சுப் படையோடு சண்டை போட்டார், 1925-ன் பெரிய கிளர்ச்சியைத் தொடங்கியதே துரூஸ்கள்தான். யாரைக் காப்பாற்றுகிறோம் என்றார்களோ அவர்களே துப்பாக்கி தூக்கினார்கள் என்றால், அந்த விளக்கத்தை எவ்வளவு தூரம் நம்புவது?

புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரர்களிடம்தான் இருந்தது. இரண்டும் ஒன்றா?

இல்லை. புதுச்சேரி நேரடிக் காலனி, பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது (அந்தத் தேர்தல்களின் லட்சணம் தனிக் கதை). சிரியர்களுக்குப் பாரிசில் இடம் கிடையாது, அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களும் இல்லை. அவர்களை ஆண்ட ஹை கமிஷனர் பெய்ரூட்டில் உட்கார்ந்திருந்தார், அவர் காலனி அமைச்சகத்துக்குக் கீழே வரவில்லை, வெளியுறவு அமைச்சகத்துக்குக் கீழே வந்தார். தாளில் அது வெளிநாடு. ஆனால் அனுப்பிய அதிகாரிகளில் பலர் மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் பழகியவர்கள், அதே கையோடு வந்து இங்கேயும் வேலையைப் பார்த்தார்கள்.

இன்னொரு விசித்திரம். பிரிட்டிஷ் இந்தியா அடிமை நாடாக இருந்தபோதே பன்னாட்டுச் சங்கத்தில் உறுப்பினர். 1921-ல் இந்தியப் பிரதிநிதியாக ஜெனீவா போனவர்களில் ஒருவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. சொந்தக் காலில் நிற்க முடியாதவர்கள் என்று ஏட்டில் எழுதிய சிரியர்களுக்கு அந்த அவையில் நாற்காலி இல்லை, தன்னாட்சியே இல்லாத இந்தியாவுக்கு இருந்தது.

1925 கிளர்ச்சி எப்படி ஆரம்பித்தது?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1922-ல் கூரோவைக் கொல்ல முயன்றதாகத் தேடப்பட்ட அதம் கஞ்சர் என்பவர் துரூஸ் மலையில் சுல்தான் அல்-அத்ரஷ் வீட்டுக்கு அடைக்கலம் தேடி வந்தார். சுல்தான் என்பது பேர், பதவி இல்லை. அவர் ஊரில் இல்லாத நேரத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து கஞ்சரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வீடு தேடி வந்தவனைக் காட்டிக்கொடுப்பது அந்த மலையில் செத்தாலும் தீராத அவமானம். அத்ரஷ் திருப்பித் தாக்கினார், அவர் வீட்டை பிரெஞ்சுப் படை தகர்த்தது. பிற்பாடு மன்னிப்பு கொடுத்தார்கள், ஆனால் மனசு ஆறவில்லை.

அப்புறம் கேப்டன் கார்பியே என்பவர் துரூஸ் மலைக்கு ஆளுநராக வந்தார். சுறுசுறுப்பான ஆள், ரோடு போட்டார், கால்வாய் வெட்டினார். யாரை வைத்து? ஊர்க்காரர்களைக் கட்டாய வேலைக்கு இழுத்து. புகார் சொல்ல துரூஸ் தூதுக்குழு பெய்ரூட் போனால் ஹை கமிஷனர் ஜெனரல் சராய் சந்திக்கவே மறுத்தார். 1925 ஜூலையில் அவரே, பேசலாம் வாருங்கள் என்று தலைவர்களை டமாஸ்கஸுக்கு அழைத்து, வந்தவர்களைக் கைது செய்து பாலைவனத்தில் இருக்கும் பால்மைராவுக்கு அனுப்பினார். அத்ரஷ் போகவில்லை. ஜூலை கடைசியில் ஒரு சிறிய பிரெஞ்சுப் படையை அழித்தார், ஆகஸ்ட் ஆரம்பத்தில் ஜெனரல் மிஷோ தலைமையில் வந்த பெரிய படையையும் மஸ்ரா என்ற இடத்தில் சிதறடித்தார். அதுவரை இது ஒரு மலையின் கோபம். டமாஸ்கஸின் டாக்டர் ஷாபந்தர் போன்ற தேசியவாதிகள் வந்து சேர்ந்ததும் சிரியா முழுவதன் சுதந்திரத்துக்கான போராட்டமாக மாறியது.

அக்டோபரில் கிளர்ச்சிக்காரர்கள் டமாஸ்கஸுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். 18-ஆம் தேதி மாலையில் தொடங்கி இரண்டு நாள், மக்கள் குடியிருந்த நகரத்தின் மேல் பிரெஞ்சுக்காரர்கள் பீரங்கியாலும் விமானத்தாலும் குண்டு போட்டார்கள். ஏறக்குறைய 1,500 பேர் இறந்தார்கள். அஸ்ம் அரண்மனை சேதமானது, சீதி ஆமூத் என்ற பழைய குடியிருப்பு எரிந்தே போனது. அந்த இடத்தில் பிறகு கடைத்தெரு வந்தது, அதை இன்றைக்கும் அல்-ஹரீக்கா என்றுதான் சொல்கிறார்கள். அரபியில் நெருப்பு என்று அர்த்தம். கிளர்ச்சியை அடக்க 1927 வரை ஆனது.

ஜெனீவாவில் கணக்குக் கேட்கிறவர்கள் என்ன செய்தார்கள்?

பன்னாட்டுச் சங்கத்தில் நிரந்தர மாண்டேட் கமிஷன் என்று ஒன்று இருந்தது. நேரில் போய்ப் பார்க்க அதற்கு அதிகாரம் இல்லை, மனு கொடுத்தவரைக் கூப்பிட்டு விசாரிக்கவும் முடியாது. ஊரிலிருந்து மனு அனுப்புகிறவர் அதைப் பிரெஞ்சு நிர்வாகத்தின் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். கார்டியனைப் பற்றிய புகாரைக் கார்டியன் கையிலேயே கொடுக்கிற ஏற்பாடு.

இருந்தாலும் அது வெறும் வேடிக்கை பார்த்தது என்று சொல்ல மாட்டேன். டமாஸ்கஸ் குண்டுவீச்சு உலகப் பத்திரிகைகளில் வந்த பிறகு 1926 ஆரம்பத்தில் கமிஷன் ரோம் நகரில் தனியாகக் கூடி, பிரெஞ்சுப் பிரதிநிதி ராபர்ட் டி கேயை உட்கார வைத்துக் குடைந்தது. அதற்கு முன்பே பிரான்சு சராயைத் திரும்பக் கூப்பிட்டு, முதல்முறையாக ராணுவத்தைச் சேராத ஒருவரை, ஹென்றி டி ஜூவனெலை, ஹை கமிஷனர் ஆக்கியிருந்தது. காலனியாக இருந்தால் இந்த அளவு கூச்சம்கூட வந்திருக்காது. ஆனால் மாண்டேட் செல்லாது என்று சொல்லும் தைரியம் கமிஷனுக்கு வரவில்லை.

பண விஷயம் எப்படி?

சிரிய பவுண்டை பிரெஞ்சு பிராங்கோடு கட்டினார்கள், ஒரு பவுண்டுக்கு 20 பிராங்க். நோட்டு அச்சடித்தது பிரெஞ்சு மூலதனத்தில் நடந்த ஒரு வங்கி. 1920-களில் பிராங்க் சரிந்தபோது, அதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத அலெப்போ வியாபாரியின் கைப்பணமும் சேர்ந்து சரிந்தது. சுங்க வருமானத்தை பொது நலன்கள் என்ற கணக்கில் ஹை கமிஷனரே வைத்துக்கொண்டார், 1944-ல்தான் அது உள்ளூர் அரசுகளின் கைக்கு வந்தது. இருபது வருடம் அடுத்தவர் கையில் பணப்பெட்டி இருந்தால் நிர்வாகம் பழகுவது எப்படி?

நல்லதே எதுவும் நடக்கவில்லையா?

நடந்தது. ரோடுகள், நில அளவை, பதிவேடுகள், தொல்லியல் வேலை. உயிர் தப்பி வந்த ஆர்மீனிய அகதிகளுக்கு அலெப்போவிலும் பெய்ரூட்டிலும் இடமும் குடியுரிமையும் கிடைத்தது, அது சின்ன விஷயம் இல்லை. பால்மைராவில் பேல் கோயிலுக்குள்ளேயே ஒரு கிராமம் இருந்தது, தொல்லியல் பணிக்காக அந்த மக்களைப் பக்கத்தில் புது ஊர் கட்டி மாற்றினார்கள். கோயிலைப் பார்க்க வந்தவர்களுக்கு நல்லது, கிராமத்துக்காரர்களுக்கு எப்படி என்று தெரிந்துகொள்ள அவர்களைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

1936-ல் சுதந்திர ஒப்பந்தம் போட்டார்களே, அது என்ன ஆனது?

அந்த வருடத் தொடக்கத்தில் சிரியாவின் நகரங்களில் வாரக்கணக்கில் கடையடைப்பு. வேறு வழியில்லாமல் பிரான்சு, சுதந்திரம் கேட்ட சிரியத் தலைவர்களின் தேசியக் கூட்டணியைப் பேச்சுவார்த்தைக்குப் பாரிசுக்கு அழைத்தது. அதற்குள் அங்கே லியோன் ப்ளூமின் இடதுசாரி அரசு வந்துவிட்டது, செப்டம்பரில் ஒப்பந்தம் தயார். கூட்டணித் தலைவர் ஹாஷிம் அல்-அத்தாசியின் குழுவை ஊரே திரண்டு வரவேற்றது, அவர் குடியரசுத் தலைவரும் ஆனார். சிரிய நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. பிரெஞ்சு நாடாளுமன்றம் கடைசிவரை கொடுக்கவில்லை.

அலெக்சாந்திரெட்டா துருக்கிக்குப் போனது எப்படி?

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் உறுத்துகிற இடம் இதுதான். மாண்டேட் பத்திரத்தின் 4-ஆவது பிரிவு, சிரியா லெபனானின் எந்தப் பகுதியையும் அந்நிய நாட்டுக்குக் கொடுக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது, அதற்கு மாண்டேட் அரசே பொறுப்பு என்கிறது. ஆனால் ஐரோப்பாவில் இன்னொரு போர் வரும் போல இருந்தது, துருக்கியைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள பிரான்சு விரும்பியது. துருக்கியரும் அரபிகளும் ஆர்மீனியரும் கலந்து வாழ்ந்த அந்த மாவட்டத்தில் துருக்கியப் படையை உள்ளே விட்டு 1938-ல் தேர்தல் நடந்தது, ஹத்தாய் என்ற பேரில் தனி நாடானது, 1939 ஜூனில் கையெழுத்துப் போட்டு பிரான்சு அதைத் துருக்கிக்குக் கொடுத்தது. மைனர் சொத்தைக் கோர்ட் அனுமதி இல்லாமல் கார்டியன் விற்றால் நம் ஊரில் அது செல்லாது. இது செல்லுபடியானது. ஆயிரக்கணக்கான ஆர்மீனியரும் அரபிகளும் தெற்கே கிளம்பிப் போனார்கள். அத்தாசி பதவியை விட்டு விலகினார்.

கடைசியில் எப்போது கிளம்பினார்கள்?

இழுத்துக்கொண்டே போனார்கள். 1940-ல் பிரான்சு ஜெர்மனியிடம் விழுந்ததும் சிரியா, ஜெர்மனியோடு ஒத்துப்போன பிரான்சின் விஷி அரசின் கீழ் போனது. 1941 ஜூனில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைகளும், ஜெர்மனிக்குப் பணியாத டி கோலின் சுதந்திர பிரெஞ்சுப் படையும் நுழைந்தன. டமாஸ்கஸ் ஓரத்தில் மெஸ்ஸே கிராமத்தில் மாட்டிக்கொண்டு கடும் இழப்போடு சண்டை போட்டது 5-ஆவது இந்தியப் பிரிகேட், பஞ்சாப், ராஜபுதன ரெஜிமென்ட் ஆட்கள். சுதந்திர பிரெஞ்சுத் தரப்பின் ஜெனரல் கத்ரூ சுதந்திரம் என்று அறிவித்தார், ஆனால் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை.

1943 நவம்பரில் லெபனான் நாடாளுமன்றம் அரசியலமைப்பிலிருந்து மாண்டேட் சம்பந்தமான வரிகளை அடித்துத் தூக்கியது. பிரெஞ்சுக்காரர்கள் குடியரசுத் தலைவர் பெஷாரா அல்-கூரி, பிரதமர் ரியாத் அல்-சோல் எல்லோரையும் கைது செய்து ரஷாயா கோட்டையில் அடைத்தார்கள். கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பார்க்காமல் ஊர் தெருவுக்கு வந்தது, பிரிட்டனும் நெருக்கியது, 22-ஆம் தேதி விடுதலை செய்தார்கள். அதுதான் லெபனானின் சுதந்திர தினம்.

1945 மே 29 அன்று டமாஸ்கஸ் மேல் மறுபடி குண்டு, இந்த முறை நாடாளுமன்றக் கட்டடத்தின் மேலும். நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அந்த நேரத்தில் சிரியாவின் பிரதிநிதி ஃபாரிஸ் அல்-கூரி, ஐ.நா. சபையை உருவாக்கும் கூட்டத்தில் சான் பிரான்சிஸ்கோவில் உட்கார்ந்திருந்தார். சர்ச்சில் எச்சரித்த பிறகுதான் பீரங்கி நின்றது. 1946 ஏப்ரல் 17-க்குள் கடைசிப் பிரெஞ்சுச் சிப்பாய் சிரியாவை விட்டுப் போனார், லெபனானிலிருந்து அந்த வருடக் கடைசியில். பன்னாட்டுச் சங்கமும் மறுநாளே, ஏப்ரல் 18 அன்று, தன்னைத்தானே கலைத்துக்கொள்ள முடிவெடுத்தது.

லெபனானில் இன்னும் 1932 கணக்கெடுப்பைச் சொல்கிறார்களே?

அதற்குப் பிறகு அங்கே அதிகாரபூர்வமாக மதவாரிக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அப்போது கிறிஸ்தவர்கள் சற்று அதிகம் என்று வந்தது, அதை வைத்துத்தான் நாடாளுமன்றத்தில் 6 கிறிஸ்தவருக்கு 5 முஸ்லிம் என்று பங்கு வைத்தார்கள், உள்நாட்டுப் போர் முடியும்வரை அது நீடித்தது. மறுபடி எண்ணினால் என்ன வரும் என்று எல்லோருக்கும் பயம்.

பாலஸ்தீனமும் ஈராக்கும் இதே கதைதானா?

இதே 22-ஆவது பிரிவு, கார்டியன் பிரிட்டன். ஈராக் 1932-ல் முதலில் விடுபட்டது, பிரிட்டனின் விமானத் தளங்கள் மட்டும் இருந்தன. பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் என்ற 1917 பால்ஃபர் வாக்குறுதியை மாண்டேட் பத்திரத்துக்குள்ளேயே எழுதினார்கள். அதற்குத் தனிப் பக்கமே வேண்டும்.

இப்போது சிரியாவில் பறக்கும் கொடி பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்ததா?

பச்சை, வெள்ளை, கறுப்பு, நடுவில் மூன்று சிவப்பு நட்சத்திரம். 2024 டிசம்பரில் அசாத் ஆட்சி விழுந்ததும் திரும்ப வந்தது. அசாத் ஆதரவாளர்கள் இதை மாண்டேட் கொடி என்று ஏசுவார்கள், அதில் கால்வாசி உண்மை இருக்கிறது. 1928-ல் கூடிய சிரிய அரசியல் நிர்ணய சபை ஓர் அரசியலமைப்பை எழுதியது. சிரியா பிரிக்க முடியாதது என்பது உட்பட ஆறு பிரிவுகளை ஹை கமிஷனர் எதிர்த்துச் சபையை முடக்கினார், 1930-ல் தனக்கு வேண்டிய ஒரு பிரிவைச் சேர்த்துத் தானே வெளியிட்டார். அந்த அரசியலமைப்பில்தான் இந்தக் கொடி இருக்கிறது, 1932-ல் ஏற்றினார்கள். பிரெஞ்சுக் காலத்தில் பிறந்தது சரி, ஆனால் முன்பு துண்டுகளுக்குப் பிரான்சு கொடுத்த கொடிகள் பலவற்றின் மூலையில் இருந்த பிரெஞ்சு மூவர்ணம் இதில் இல்லை. 1946 ஏப்ரல் 17 அன்று டமாஸ்கஸில் ஊர்வலமாக எடுத்துப்போனதும் இதே கொடிதான்.